கோடையில் கொல்லிமலை – 3: எதற்கு நல்லது?

சோளக்காட்டில் முடவாட்டுக்கால் சூப் விற்கிறவர், 4,448 வியாதிகளுக்கும் அந்தக் கிழங்கு ஒன்றே மருந்து என்றார். சித்த வைத்தியத்தில் நோய்களுக்குச் சொல்லும் கணக்கு அது. கிழங்கு ஒன்றே போதுமென்றால் சித்தர்கள் எதற்காக அத்தனை ஏடுகளை எழுதினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உடன் வந்த நண்பர் முந்திக்கொண்டார்.

“சர்க்கரைக்குக் கேக்குமா?”

“சர்க்கரையும் அந்தக் கணக்குல அடக்கந்தான் சார்.”

நண்பரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வழியில் எந்தச் செடியைக் கண்டாலும், அதன் பெயரைக் கேட்பதற்கு முன் அது எதற்கு நல்லது என்று கேட்பார். இந்தப் பயணமே அவருடைய யோசனைதான். கோடையில் மலைக்குப் போவோம், மூலிகை பறிப்போம், கடையில் கிடைக்காததைத் தின்போம் என்றார். முதல் பகுதியில் அந்த உற்சாகம் எனக்கும் இருந்தது. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை வளைவு வளைவாக வர்ணித்திருந்தேன். இப்போது அவற்றை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. இறங்கவும் அதே வழிதான்.

சூப் விஷயத்துக்கு வருகிறேன். முடவாட்டுக்கால் என்பது பாறையிலும் மரக்கிளையிலும் ஒட்டி வளரும் பெரணி வகை. நாம் கிழங்கு என்று சொல்வது அதன் தண்டுதான். மேலெல்லாம் பழுப்பு ரோமம். கசாப்புக் கடையில் தொங்கும் ஆட்டுக்காலேதான். ரோமத்தைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் பச்சைச் சதையை நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுகிறார்கள். நன்றாகவே இருந்தது. ஆனால் நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் மிளகும் சீரகமும்தான். அந்த இரண்டும் போட்டால் வெந்நீரும் நன்றாகத்தான் இருக்கும். குடித்த டம்ளர்களையெல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். காலையில் பிடித்த தண்ணீர் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. 4,448இல் பாதி அந்த வாளியிலிருந்தே புறப்படும்போல.

பக்கத்துக் கடையில்தான் சண்டை. நன்னாரி வேர் கட்டு 150 ரூபாய் என்றார் கடைக்காரர். ஆறடி தள்ளி நிற்கும்போதே வாசனை வந்தது. நண்பர் பர்ஸை எடுத்துவிட்டார். பெருந்துறைப் பக்கத்திலிருந்து வேனில் வந்திருந்த ஒரு அம்மா, கட்டிலிருந்து ஒரு வேரை உருவிச் சடக்கென்று ஒடித்து, ஒடிந்த இடத்தை முகர்ந்து பார்த்தார்.

“ஏனுங், மேல மணக்குது, உள்ள மணக்கலையே?”

“வாங்கறதுன்னா வாங்குங்க, பொருளை ஒடிக்காதீங்கம்மா.”

“எங்க தோட்டத்து வேலியெல்லாம் நன்னாரிதான். எனக்கே காட்டறீங்களா? எசன்ஸைத் தடவி வெச்சிருக்கீங்க.”

“எசன்ஸ் தடவுனதை நீங்க பாத்தீங்களா?”

“விரலை மோந்து பாருங்க! தொட்ட விரல்ல ஒட்டுது, ஒடிச்ச வேருல இல்ல. எந்த ஊரு நன்னாரி அது?”

வேனிலிருந்த மற்றவர்களும் இறங்கிவந்து ஆளுக்கொரு வேரை ஒடித்தார்கள். கடைக்காரர் கட்டுகளைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு, மலைக்காரர்கள் வயிற்றில் அடிப்பதாகக் குரலை உயர்த்தினார். அவர் மலைக்காரர் இல்லை, அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர் என்று சூப்காரர் மெதுவாகச் சொன்னார். வேன் போன பிறகு கட்டு 50 ரூபாய்க்கு இறங்கியது. நண்பர் வாங்கினார். “அம்பது ரூபாய்க்கு வாசனையாவது இருக்கே” என்றார். அவரிடம் நான் வாதாடுவதில்லை.

நல்ல நன்னாரியை அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை. தரையோடு படரும் மெல்லிய கொடி. நீண்டு குறுகிய இலை, நடு நரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு. வேர் கம்பியாக, கறுத்த பழுப்பாக இருக்கும். சர்பத்துக்குப் போடுகிறவர்கள் அதைத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை உருவி எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் எடுப்பார்கள், மணமெல்லாம் அங்கேதான். கட்டை விரல் தடிமனில் சதைப்பற்றோடு யாராவது வேரை நீட்டினால் அது பெரும்பாலும் மாகாளிக் கிழங்கு. மோரில் ஊறுகாய் போடுவார்களே, பாதிப் பேர் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று எழுந்து ஓடுவார்களே, அதுதான். தென்னிந்தியாவை விட்டால் வேறெங்கும் காட்டில் விளையாத கொடி. வேருக்காகத் தோண்டினால் கொடியே போய்விடுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிறது.

மறுநாள் காலையில் விடுதிக்குப் பின்னாலிருந்த ஓடைப் பக்கம் நடந்தோம். விடுதிக் குளியலறையைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவீர்கள், விட்டுவிடுகிறேன். முந்தின வாரம் கோடை மழை ஒன்று பெய்திருந்தது. மேட்டுப் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தாலும் ஓடைக் கரை பச்சையாக இருந்தது. முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு ஒரு ஆயா குந்தி உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஆயா பறிக்கிறீங்க?”

“கீரதான் சாமி. காலங்காத்தால வேறென்ன பறிப்பாங்க?”

நண்பர் குனிந்து பார்த்தார். “அட, வல்லாரை! ஞாபக சக்திக்கு நல்லதாச்சே!”

“அப்பிடிங்களா?” ஆயா நிமிர்ந்து பார்த்தார். “பல்லு மொளச்ச நாள்லருந்து திங்கறேன். நேத்து வெத்தலப் பைய எங்க வெச்சன்னு இன்னும் தேடிட்டிருக்கறன்.”

“அப்ப வேற எதுக்கு நல்லதுங்க?”

“சாமக் கஞ்சிக்கு நல்லது. தொட்டுக்க.”

நண்பர் விடவில்லை. புளியாரையைக் காட்டி எதற்கு என்றார். புளி வாங்கக் காசில்லாத அன்னைக்கு என்றார் ஆயா. முசுமுசுக்கையைக் காட்டினார். அது அடைக்கு. வேலியில் தூதுவளை. அது ரசத்துக்கு, முள்ளுக்குப் பயந்தால் அதுவும் வேண்டாம் என்றார். சளிக்கு என்று சொல்லுவார் என்று நண்பர் காத்துக்கொண்டு நின்றார். ஆயா சொல்லவேயில்லை. நாங்கள் மருந்து தேடி வந்திருந்தோம். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தார். செடி என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அவர் பறிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வல்லாரைக் கொடியைப் பிடித்து இழுப்பதே இல்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடும் கொடி அது. இழுத்தால் முழம் முழமாகப் பெயர்ந்து வரும். கட்டை விரல் நகத்தால் இலைக் காம்பை மட்டும் கிள்ளுகிறார், ஒரு கணுவில் ஒரு இலையை விட்டுவிடுகிறார். நாலடி தள்ளி இன்னும் கொழுத்த இலையாக ஒரு பாத்தி அளவுக்கு இருந்தது. அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்றேன்.

“அது கீழ் வளவுக்காரிங்க பறிக்கறது.”

வேலியும் இல்லை, கல்லும் இல்லை. எங்கள் தெருவில் காம்பவுண்டுச் சுவருக்காக அரை அடி நிலத்துக்குக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது.

மேட்டில் களாச்செடியும் ஈச்சம்புதரும் இருந்தன. ஈச்சம்பழத்தில் கொட்டை போக மிஞ்சுவது ஒரு பூச்சு இனிப்புதான். ஆயாவின் பேரன் அதற்காகக் கையெல்லாம் கீறிக்கொண்டிருந்தான்.

கிழங்கு தோண்டப் போவதாக ஆயா சொன்னதும் நாங்களும் கூடவே போனோம். அவர்கள் பட்டா நிலத்தின் ஓரத்துப் புதர்தான். அதற்கு அப்பால் காப்புக்காடு. காட்டின் சிறு விளைபொருளைச் சேகரிக்கும் உரிமை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலைவாழ் மக்களுக்கு உண்டு, சுற்றுலா வந்த நமக்கு இல்லை. ‘மூலிகை பறிக்கலாம் வாங்க’ என்று அழைக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கோடையில் காட்டு வள்ளிக் கொடி காய்ந்து போயிருக்கும். இலை இருக்காது, பூ இருக்காது. புதரில் சுற்றிய ஒரு சருகு நூல்தான் மிச்சம். கிழங்கு முற்றியிருப்பதும் அப்போதுதான். அந்த நூலைப் பிடித்து ஆயா தரை வரைக்கும் இறங்கினார். பேரன் சின்னக் கடப்பாரையால் குத்த, அவர் கையால் மண்ணை வாரினார். முழங்கை ஆழத்துக்குப் போன பிறகு கிழங்கு தெரிந்தது. நண்பர் இன்னொரு சருகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு, “இங்கேயும் ஒண்ணு இருக்கு ஆயா!” என்றார்.

“அதத் தின்னா இன்னைக்கே பாடைதான் சாமி. கண்வலிக் கெழங்கு அது.”

கண்வலிக் கிழங்கு வேறொன்றுமில்லை, நம் மாநில மலரான செங்காந்தள்தான். மழைக்குப் பிறகு பூத்து நிற்கும்போது குழந்தைக்கும் அடையாளம் தெரியும். கோடையில் கொடி காய்ந்து, ஏர்க் கலப்பையாய் வளைந்த கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். கொல்கிசின் என்ற விஷம் அதில் இருக்கிறது. சரியான அளவில் கீல்வாதத்துக்கு மருந்தாகும் அதே சரக்கு, கிழங்காகத் தின்றால் ஆளைக் கொல்லும். நண்பர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எந்தச் செடியைப் பற்றியும் எதற்கு நல்லது என்று கேட்கவில்லை.

வள்ளிக் கிழங்கை முழுசாக எடுக்கவில்லை ஆயா. கொடியோடு சேர்ந்த தலைப்பக்கத்தை நான்கு விரல் அளவுக்கு வெட்டி, குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தார். மழைக்கு அது மறுபடி கொடி விடும். பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே விளையும் நான்கு உணவு இந்த மலையில் இருக்கிறது, உங்களால் பிடிக்க முடியாது என்று கபிலர் புறநானூற்றில் சொல்கிறாரே: மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன். பாடப் புத்தகத்தில் படித்தபோது கவிஞரின் மிகை என்று நினைத்தேன். உழாமல்தான் விளைகிறது, ஆனால் சும்மா விளையவில்லை. தலையை வெட்டிப் புதைக்க ஒரு ஆள் வேண்டும். பறம்பு இருப்பது பிரான்மலையில். கொல்லிமலைக்குச் சங்கப் பாட்டில் ஓரி இருக்கிறான். அவனைப் பாடிய வன்பரணர், ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தும் வீழ்ந்ததாகச் சொல்கிறார். செம்மேட்டில் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கீரை பறித்தவர்களுக்குச் சிலை இல்லை.

மத்தியானம் அவர் வீட்டிலேயே சாப்பிட்டோம். சாணி மெழுகின தரை. ஒரு ஈ இல்லை. சாமைச் சோறு, வல்லாரைக் கடைசல், புளியாரைத் துவையல், வெந்த கிழங்கு. கடைசலில் பருப்பு பேருக்குத்தான். கசப்பை மறைக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. முதல் வாய்க்கு முகம் சுளித்தது, மூன்றாவது வாய்க்குச் சோறு போதவில்லை. புளியாரைத் துவையலில் காய்ந்த மிளகாயும் உப்பும் தவிர வேறொன்றும் கிடையாது, தாளிக்கவும் இல்லை. கிழங்கு மாவாக உதிர்ந்தது. இந்த மலையில் சாமையும் தினையும் போட்ட கொல்லைகளில் இப்போது மரவள்ளி நிற்கிறது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, கையில் காசு வருகிறது. சாமை குத்த யாருக்கு இடுப்பில் தெம்பிருக்கு என்று ஆயாவே கேட்டார்.

கிளம்பும்போது நண்பர் ஐம்பது ரூபாயை நீட்டினார். ஆயா வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரு சோத்துக்கும் கெழங்குக்கும் ஐந்நூறு குடுங்க சாமி” என்றார். நண்பர் அதிர்ந்துபோனார். மலை மக்கள் வெள்ளந்தியானவர்கள், காசு கேட்க மாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மளிகைக் கடையில் மட்டும் என்ன, வெள்ளந்தித்தனத்தைக் கொடுத்தா எண்ணெய் வாங்குகிறார்கள்? நான் கொடுத்தேன். எண்ணி மடியில் செருகிக்கொண்டு, பேரனிடம் சொல்லி எங்களுக்கு ஒரு கட்டு நன்னாரி பிடுங்கித் தந்தார். கம்பி வேர். ஒடித்தால் மணந்தது.

ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கிப் போனதையும், படியெல்லாம் கிடந்த பாட்டில்களையும் பற்றி எழுதக் குறிப்பு வைத்திருந்தேன். இப்போது எழுதத் தோன்றவில்லை. அடுத்த இதழோடு தொடரை முடித்துக்கொள்கிறேன். அறப்பளீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். சென்ற பகுதியைப் படித்துவிட்டு, தங்களுக்கு இன்ன வியாதி, மலையிலிருந்து இன்ன வேர் வாங்கி அனுப்ப முடியுமா என்று எழுதியிருக்கும் வாசகர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள். நன்னாரி வாங்குகிறவர்கள் கடைக்காரர் என்ன சொன்னாலும் ஒடித்து முகர்ந்துவிட்டு வாங்குங்கள்.