கெச்சப் கேட்காதீங்க!

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கிரவுன் தெருவில் இருக்கிறது அந்தச் சின்னச் செங்கல் கட்டடம். பெயர் 'லூயிஸ் லஞ்ச்'. 1895-ல் ஆரம்பித்த கடை.

உள்ளே போய் கெச்சப் கேட்டால், 'கிடையாது' என்பதுதான் பதில். மயோனைஸும் இல்லை. வட்ட பன்கூட இல்லை. வாட்டிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சி. கூடவே சீஸ், தக்காளி, வெங்காயம். அவ்வளவுதான்! 1898-ம் ஆண்டின் வார்ப்பிரும்பு கேஸ் அடுப்பில், கறியை நிற்கவைத்தே வாட்டுகிறார்கள். கொழுப்பு கீழே வழிந்துவிடும்.

1900-ல் அவசரமாக வந்த ஒருவருக்கு லூயிஸ் லாசன் செய்து கொடுத்ததுதான் முதல் ஹாம்பர்கர் என்கிறது கடைக்காரர் குடும்பம். வேறு சில ஊர்களும் அந்தப் பெருமைக்குப் போட்டி போடுகின்றன. அவசரத்துக்குப் பிறந்த பர்கருக்கு இன்று பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

'காசு கொடுத்தும் கேட்டது கிடைக்கலையே' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால், பழைய இடத்தில் இடிபடவிருந்த இந்தக் கடையை 1975-ல் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தபோது, சுவர் எழுப்பச் செங்கல் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள்தான். கேட்டதையெல்லாம் கொடுக்காவிட்டாலும், கொடுப்பதை மாறாமல் கொடுத்த கடையை அவர்கள் கைவிடவில்லை!