பிலத்துக்குள் ஒரு பகல்

குகை என்றால் மலை இருக்க வேண்டும், மலை என்றால் முழங்கால் வலிக்க வேண்டும் என்பது நமது தாயாரின் திடமான அபிப்பிராயம். ஆகவே ஆந்திர தேசத்துப் பெலும் குகைக்குக் குடும்ப சகிதமாகப் புறப்பட்டபோது, அவர் முதலில் எடுத்து வைத்துக்கொண்டது தைலப் புட்டியைத்தான். தாடிபத்திரியில் ரயிலை விட்டு இறங்கி, மோட்டாரில் சுமார் 30 கிலோமீட்டர் சென்றோம். மலையைக் காணோம்! எங்கும் சமவெளி, அதன் நடுவே கிணறுகளைப் போல் சில பள்ளங்கள். அவற்றுள் ஒன்றில்தான் படி இறங்க வேண்டும் என்று தெரிந்ததும், "பாதாள லோகத்துக்கா டிக்கட் வாங்கினாய்?" என்று கேட்டார் தாயார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. 'பிலம்' என்றால் பாதாள வழி. அந்தச் சொல்லே 'பெலும்' என்று மருவியது என்கிறார்கள்.

உள்ளே புழுக்கம் வியர்வையைப் பிழிந்தெடுத்தது. ஆயினும் யாரும் திரும்பிப் போக விரும்பவில்லை. நிலத்தடி நீர் யுக யுகமாகச் சுண்ணாம்புப் பாறையை அரித்துச் சமைத்த மண்டபங்கள் அவை! சிங்க முகம் போன்ற ஒரு தோரண வாயில். ஆலம் விழுதுகளைப் போல் தொங்கும் கற்கள். கடைசியில், தரை மட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில், சலசலத்து மறையும் பாதாள கங்கை. குகையின் மொத்த நீளம் 3,229 மீட்டர்.

நாம் உபாத்தியாயர் அல்லவா? பிரசங்கம் செய்யாமல் இருக்க முடியவில்லை. "1863-ல் சென்னைக்கருகே பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, ராபர்ட் புரூஸ் பூட், அவர்தான் 1884-ல் இந்தக் குகையைப் பற்றிக் குறித்து வைத்தார். பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் நாம் தூங்கினோம். 1982, 83-ல் ஜெர்மானியர் வந்து தவழ்ந்து தவழ்ந்து அளந்தார்கள். அந்தக் காலத்தில் நாம் இதற்குள் குப்பை கொட்டிக் கொண்டிருந்தோம்! நல்ல வேளையாக, சுற்றுவட்டாரத்து ஜனங்களே முன்வந்து சுத்தம் செய்ய, 2002-ல் பொது மக்களுக்குத் திறந்து விட்டார்கள். சொந்தப் பொக்கிஷத்தின் அருமை நமக்குத் தெரிவதில்லை!"

இதற்குள் சப்தஸ்வர குகை வந்துவிட்டது. அங்குள்ள கல் விழுதுகளைத் தட்டினால் இனிய நாதம் எழும். நமது புதல்வன் நாதத்தோடு திருப்தியடையாமல், "ஒரே ஒரு துண்டு ஒடித்துக்கொள்ளட்டுமா, அப்பா?" என்றான்.

"கூடவே கூடாது! மழை நீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு வந்து, இங்கே சொட்டுகிறது. வாயு பிரிந்ததும் சுண்ணாம்பு படிகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே பெரிது. ஒரு சாண் விழுது உண்டாக இரண்டாயிரம் வருஷங்கள் வேண்டும்."

புதல்வி நம்மை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்பா, உங்கள் பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு சாண் விழுது இருக்கிறதே, அதை யார் ஒடித்தார்கள்?"

நாம்தான் ஒடித்தோம். இங்கே 'நாம்' என்பது தேசமல்ல, இதை எழுதுகிறவரேதான். கல்லூரி நாட்களில் வேறொரு குகைக்கு உல்லாசப் பிரயாணம் போனபோது, நண்பர்கள் கைதட்ட, ஒடித்துச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டு வந்தோம். பிறகு அதையே காட்டி எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் சொன்னோம்.

சற்று நேரம் பதில் சொல்ல நா எழவில்லை. பிறகு உண்மையைச் சொன்னோம். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பையன் மட்டும் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். பிரசங்கம் செய்யாததை வெட்கம் செய்துவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள், அலமாரியிலுள்ள விழுதின் அடியில் புதிய சீட்டு ஒன்று ஒட்டினோம்: "சுண்ணாம்புக் கல் விழுது. இப்பள்ளி ஆசிரியர் ஒருவரால் மாணவப் பருவத்தில் ஒடிக்கப்பட்டது. மீண்டும் வளர, சுமார் 2,000 ஆண்டுகள்."

மாணவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். பிறகு, யார் அந்த ஆசிரியர் என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறோம்.