பக்கத்து இருக்கை

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரிடம் விலையைக் கேட்பார்கள், வேகத்தைக் கேட்பார்கள், மைலேஜைக்கூடக் கேட்பார்கள். அதை எங்கே ஓட்டுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. சாலையில்தான் என்பது எல்லோருடைய அனுமானம். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, 128 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் எடை. இன்றைய குடும்பக் கார்கள் பலவும் இதை எளிதாக முந்திவிடும். ஆனாலும் இதைச் சாலைக்கென்று வைத்துக்கொள்வதா, பந்தயத் தடத்துக்கென்று மாற்றிவிடுவதா என்ற கேள்வி என்னைச் சில ஆண்டுகள் அலைக்கழித்தது. இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று எண்ணும் நண்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும். தேரையும் குதிரையையும் எடுத்துவிட்டால் நம் முல்லைத் திணைத் தலைவன் வீடு திரும்புவது எப்படி?

நான் வசிக்கும் சான் ஹோசேவுக்கு மேற்கே மலைமுகட்டின் மேல் ஸ்கைலைன் சாலை ஓடுகிறது. ரெட்வுட் மரங்களின் நிழல், கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி, ஓயாத வளைவுகள். இந்த வண்டிக்கென்றே போட்ட சாலையோ என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு மான் நிற்கலாம். மூச்சிரைக்க ஏறிவரும் சைக்கிள்காரர் இருக்கலாம். சரளைக்கல் சரிந்து கிடக்கலாம். வண்டியின் திறனில் பாதியைத் தொட்டாலே அங்கே இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்தாகிவிட்டது. அந்த ஆட்டத்துக்கு வருவதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வழக்கு கலிஃபோர்னியாவில் முன்பே ஒருமுறை நடந்து தீர்ப்பும் ஆகியிருக்கிறது. மாண்டரேக்கு அருகே பெபிள் பீச் வனப்பகுதிச் சாலைகளில் 1950 முதல் கார்ப் பந்தயங்கள் நடந்தன. இருபுறமும் மரங்கள், நடுவே பந்தயம். 1956 ஏப்ரலில் எர்னி மெக்காஃபி ஓட்டிய ஃபெராரி மரத்தில் மோதியது, அவர் இறந்துபோனார். வனச்சாலைப் பந்தயங்கள் அதோடு முடிந்தன. மறு ஆண்டே, சற்றுத் தள்ளி ராணுவத்தின் நிலத்தில் லகூனா செகா பந்தயத் தடம் எழுந்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு வறண்ட ஏரி என்று பொருள். சென்னைக்காரர்களுக்குச் சோழவரம் நினைவுக்கு வரலாம். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களும் பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே கட்டிய தடத்துக்கு இடம்பெயர்ந்தன.

லகூனா செகாவில் பணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் சொந்த வண்டியை ஓட்டலாம். பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. சுமார் 3.6 கிலோமீட்டர் சுற்று, 11 வளைவுகள். இருபது நிமிடம் ஓட்டுவது, வெளியே வந்து ஒரு மணி நேரம் வண்டியையும் மனத்தையும் ஆறவிடுவது. என்னை வியக்கவைத்தது அங்கிருக்கும் பண்பாடு. முன்னால் செல்பவர் கையை நீட்டி, இந்தப் பக்கமாகப் போ என்று காட்டினாலொழிய முந்தக்கூடாது. எந்த நெடுஞ்சாலையிலும் இத்தனை மரியாதையை நான் கண்டதில்லை. கார்க்ஸ்க்ரூ என்ற இடத்தில் தரை திடீரென்று காணாமற்போகும். இடமும் வலமுமாகத் திரும்புவதற்குள் வண்டி 18 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். முதல் நாள் அதை நான் ஓட்டினேன் என்று சொல்வதைவிட, அது என்னை ஓட்டியது என்பதே சரி.

ஒலிக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளுக்காகப் பல நாட்களில் 90 டெசிபல்தான் வரம்பு. தடத்தின் ஓரத்தில் அளவுகருவி வைத்திருப்பார்கள். மீறும் வண்டியை வெளியேற்றிவிடுவார்கள். அகநானூற்றின் நான்காம் பாடலில் வரும் தலைவனை நினைத்துக்கொண்டேன். பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடும் என்று அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு விரைந்து வருகிறான் அவன். எங்கள் தெருவில் நள்ளிரவில் உறுமிக்கொண்டு போகும் இளைஞர்களை யாராவது அந்தப் பாடலின் பக்கம் அழைத்துச் சென்றால் நன்றாயிருக்கும்.

இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்பவர்கள் உண்டு. ஓரளவுக்குத்தான் அது உண்மை. தடத்தில் அடிக்கடி பிரேக் பிடிப்பதால் எழும் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, மிதி காலடியில் பஞ்சுபோல் அமுங்கும். ஈரம் உறிஞ்சிய டாட் 4 ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். சூட்டைத் தாங்கும் பிரேக் பேட்களைப் போட்டாலோ, காலைக் குளிரில் முதல் சிக்னலில் அவை சரியாகப் பிடிப்பதில்லை. தடத்துக்கான டயர் மழைச்சாலையில் வழுக்கும். இவையெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்ற முடியாதது இரும்புக்கூண்டு. வண்டி உருண்டாலும் உள்ளிருப்பவர் நசுங்காமலிருக்கக் குழாய்களை உள்ளே சுற்றிலும் வைத்துப் பற்றவைப்பார்கள். ஹெல்மெட் அணிந்தவருக்கு அது உயிர்க்காப்பு. வெறுந்தலையோடு சாலையில் செல்பவருக்கு, சிறு மோதலிலும் அந்தக் குழாயே மண்டையை உடைக்கும்.

எங்கள் மெக்கானிக் ஒரு மெக்ஸிகோ பெரியவர். கூண்டு வைத்தபின் இதை ட்ரெய்லரில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். ட்ரெய்லரை இழுக்க ஒரு பெரிய டிரக் வேண்டும். எடையைக் குறைக்கப் பக்கத்து இருக்கையையும் கழற்றிவிடலாம் என்றார். வீட்டில் இதையெல்லாம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்ட மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "கழட்டின சீட்டை எங்க வைக்கப் போறீங்க?"

கராஜில் இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இருக்கையில் மகள் ஆறு வயதிலிருந்து உட்கார்ந்து வந்திருக்கிறாள். இப்போது அவளுக்குப் பதினைந்தரை வயது. இந்த மாநிலத்தில் பழகுநர் அனுமதி கிடைக்கும் வயது. அதைவிட முக்கியமாக, தடத்தில் நான்கைந்து நாட்கள் ஓட்டியதில் ஸ்கைலைன் சாலையில் விரைய வேண்டும் என்ற ஆசை எனக்கு அற்றுப்போயிருந்தது. வேகத்தின் எல்லையை வேறிடத்தில் பார்த்தாகிவிட்டது. சாலையில் இனி நிரூபிக்க ஒன்றுமில்லை. கூரையைத் திறந்துவிட்டு, மூன்றாம் கியரில், மணிக்கு 35 மைலில் மரவாசனையோடு செல்வதற்கு இதைவிட நல்ல வண்டி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கூண்டு வேண்டாமென்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன். திறந்த வண்டிகளுக்குத் தடத்தில் கட்டாயமாகக் கேட்கும் ஒற்றைக் குழாய் வளைவை மட்டும் இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தி, அதன்மேல் தடித்த பஞ்சுறை சுற்றியிருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை லகூனா செகா. முந்தின நாள் மாலை பிரேக் பேட்களை மாற்றுவேன், திரும்பிவந்ததும் பழையவற்றைப் போடுவேன். பழைய வண்டி என்பதால் இரண்டு மணி நேர வேலை. கழற்றிய திருகுகளை வரிசையாக அடுக்கி வைப்பது மகளின் பொறுப்பு.

சனிக்கிழமை காலைகளில் காலியான பள்ளி வாகன நிறுத்தத்தில் இப்போது அவள் ஓட்டுகிறாள், பக்கத்து இருக்கையில் நான். க்ளட்ச் இன்னும் பிடிபடவில்லை.