வளவிலே ஒரு வழக்கு

மாரிமழை தொடங்கிப் பத்து நாள் கழியுமுன் யாழ்ப்பாணத்து வளவுகள் யாவும் பச்சை போர்த்துக்கொள்கின்றன. உடனே வீடுகள்தோறும் ஒரு வழக்கும் முளைக்கின்றது. எதனைச் செருக்கி எறிவது, எதனை நிற்க விடுவது என்பதே வழக்கு. எங்கள் வீட்டில் ஒரு கட்சி என் தாயார். எதிர்க்கட்சி என் மனைவி. முற்றத்தில் ஒரு புல்லும் நிற்றலாகாது என்பது அவள் கொள்கை. டெங்கு நுளம்பு பெருகுவது புல்லில் அன்று, சிரட்டையிலே தேங்கிய நீரில் என்று நான் சொன்னால், “பாம்பும் சிரட்டையிலா கிடக்கும்?” என்று கேட்பாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அறுகை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரனுக்கு அதனிலும் பெரிய பகை அரிது. கணுவொன்று மண்ணில் எஞ்சினாற் போதும், அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். அதனையே பறித்து விநாயகருக்குச் சாத்துகின்றோம். தும்பையின் கதையும் அதுவே. மிளகாய்ப் பாத்தியில் அது களை. சிவபூசைத் தட்டத்தில் மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் தும்பையும் ஒன்று. அந்த அடுக்கினை மூச்சுவிடாது ஒப்புவிக்கும் மாணவர், வேலியோரத்துத் தும்பையைக் காட்டிப் பெயர் கேட்டால் விழிக்கின்றனர். நெருஞ்சியோ கண்ணுக்கு இனிய மஞ்சட் பூவைக் காட்டிப் பின் முள்ளைத் தருவது. அதனை ஒரு பெண்ணின் மனவருத்தத்துக்கு உவமையாக்கினார் குறுந்தொகைப் புலவர் அள்ளூர் நன்முல்லையார். காலில் முள் தைத்தவரே அவ்வுவமையை நன்கு சுவைப்பர்.

ஆயினும், தானாக முளைத்ததெல்லாம் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. நாயுண்ணியை இலங்கைக்குக் கொணர்ந்தோர், 1826 ஆம் ஆண்டில், அழகுக்காகவே கொணர்ந்தனர்; இன்று அது காடுகளையே மூடி நிற்கின்றது. ஆகாயத்தாமரையின் ஊதாப் பூவும் அழகுதான். அதனை ஒழிக்க 1909 இலேயே தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. இவற்றிலும் கொடியது பார்த்தீனியம். 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட இச்செடி இன்று எங்கள் ஒழுங்கைகளிலும் நிற்கின்றது. பூவோ பூச்செண்டிற் செருகத்தக்க சிறு வெண்பொட்டுப் போன்றது. பட்ட தோல் தடித்துச் சிவக்கும், சிலருக்கு இழுப்பும் வரும்.

சென்ற மாரியில் அது எங்கள் கோடிப்புறத்துத் தும்பைகளுக்கிடையே புகுந்தது. தாயாருக்குப் பார்வை மங்கல். வெள்ளையாய்த் தெரிந்ததைக் கொய்தார். இரண்டு கிழமை கைகள் கொப்புளித்துக் கிடந்தன. “அந்த மூலை முழுவதையும் துப்புரவாக்குங்கள்” என்றாள் மனைவி. புல்லுச் செருக்க வந்தவர், மருந்தடித்தால் ஒரு நாளில் முடியும் என்றார். 2015 இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேற்றுக்கு 2022 இல் தடை நீங்கியதையும் அவர் அறிந்திருந்தார். நான் இசையவில்லை. எமது நிலம் சுண்ணக்கல், ஆறில்லாத ஊர், பெய்த மழை அக்கல்லில் இறங்கித்தான் கிணறாகின்றது. கிணற்றிலிருந்து முப்பதடி தூரத்தில் நஞ்சு தெளித்துவிட்டு அதே நீரில் உலை வைக்க என் மனம் ஒப்பவில்லை.

தாயார் தமக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பூ இல்லாவிட்டால் நீர் வைத்துக் கும்பிடலாம், தம்பி” என்றார். அதன்பின் மூலையை அழிக்க மனைவிக்கும் மனம் வரவில்லை. கையுறை அணிந்து, பார்த்தீனியத்தைப் பூ முற்றுமுன் ஒவ்வொன்றாய் வேரோடு பிடுங்கினோம். நான்கு மாலைப்பொழுதுகள் சென்றன. விதை மண்ணிற் கிடக்கும், இவ்வாண்டும் பிடுங்கவேண்டும்.

இப்பொழுது காலையில் பேத்தியும் கூடையுடன் செல்கின்றாள். இலையைக் கசக்கி மணம் பார்த்துத் தும்பையை அறியும் வித்தையைக் கிழவி அவளுக்குக் கற்பிக்கின்றார். கிணற்றடி எருக்கலைக்கு மட்டும் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. பால் கண்ணிற் பட்டால் கேடு என்று வெட்டக் கத்தி எடுத்தவள் மனைவியே. இலையின் கீழே கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியோடிய வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் ஏழெட்டுக் கிடந்தன. “இவை பறந்து போகட்டும், பிறகு பார்ப்போம்” என்று கத்தியை உள்ளே வைத்துவிட்டாள்.