பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் என்ன செய்வதென்ற ஐயம் எவருக்கும் எழுவதில்லை. பந்தலிடுவோர் யார், பாடை கட்டுவோர் யார், சுண்ணமிடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடுபவர் யார், நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் யார் என்பனவெல்லாம் முன்னரே தீர்ந்த விடயங்கள். இறந்தவர் வீட்டில் அடுப்பெரியாது. சோறு அயலிலிருந்து வரும். காடாற்று, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் எனத் துக்கம் படிப்படியாக இறக்கிவைக்கப்படுகிறது. இவ்வொழுங்கிற் சாதியமைப்பின் கொடுமையும் கலந்திருந்தது. பறையடிப்பவர் யார், வெள்ளை கட்டுபவர் யார் என்ற வினாக்களுக்குப் பிறப்பே விடையாக இருந்ததை எவரும் மறைத்துவிட முடியாது. எனினும் துயரத்தால் நிலைகுலைந்து நிற்கும் மனிதனுக்கு அடுத்த கணத்திற் செய்வதற்கு ஒரு வேலையை அவ்வொழுங்கு கொடுத்தது.

குழந்தையொன்று இறக்கும்போது இவையெல்லாம் பெரும்பாலும் சுருங்கிவிடுகின்றன. எரிப்பதில்லை, புதைப்பார்கள். பந்தம் பிடிக்கப் பேரர் இல்லை. கொள்ளிக்குடந் தூக்க மகன் இல்லை. நீண்ட கிரியைகளுக்கும் இடமில்லை. இலக்கிய மரபும் இவ்விடத்தில் ஏறக்குறைய மௌனமாகவே நிற்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடப் பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்தமே தோன்றியது. ஆனால், சாவைப் பாடும் கையறுநிலைப் பாடல்கள் பெரும்பாலும் புரவலரையும் வீரரையும் இழந்த புலம்பல்களே. நான்கு வயதிற் போன பிள்ளைக்கு எந்தக் கொடையைச் சொல்லி, எந்தப் போரைச் சொல்லி அழுவது?

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் நடுவே ஓர் ஒழுங்கை. அதன் முடிவில் ஒரு தோட்டக் கிணறு. அண்மைய ஆண்டொன்றின் வைகாசி மாதத்தில் அக்கிணற்றில் ஓர் ஆண்குழந்தை விழுந்து இறந்தது. தாய் நாற்பது யார் தூரத்தில் வெங்காயத் தறையிற் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். விழுந்ததைக் கண்டவர் எவருமில்லை. சோளகக் காற்று இரைந்துகொண்டிருந்தமையாற் சத்தமுங் கேட்கவில்லை. தேடத் தொடங்கிக் கால்மணி நேரத்தின் பின்னரே இரு இளைஞர்கள் உள்ளே குதித்துப் பிள்ளையைத் தூக்கினர். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினர். அங்கு செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

இக்கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். வற்றாத ஆறென்று ஒன்றுமில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லினுள்ளே தங்கும் மழைநீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். ஆகவே நிலத்தைப் போலவே கிணறும் சொத்தாயிற்று. முதுசமாகவும் சீதனமாகவும் பிரிபட்டது. காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருப்பதை எவரும் காணலாம். ஒருவர் வெட்டிய கிணறு மூன்று தலைமுறையில் எட்டுப் பேருடையதாகிவிடும். யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதில் அணுவளவும் பிசகில்லை. அதன் பொருட்டு எழுந்த வழக்குகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்ததுண்டு.

துலா இருந்த காலத்திற் கிணற்றடி ஒருபோதும் தனித்துக் கிடந்ததில்லை என்று முதியோர் கூறுவர். துலா மிதிக்க ஒருவர் அல்லது இருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாற ஒருவர் என விடியற்புறத்திலிருந்தே ஆட்கள் நிற்பர். 1950களின் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவலாயின. உடலுழைப்புக் குறைந்தது, அது பெரும் விடுதலையே. துலா மிதித்துத் தேய்ந்த முழங்கால்களோடு வாழ்ந்தவர்கள் பழைய காலம் திரும்பவேண்டுமென ஒருபோதும் விரும்பார். ஆயின் இயந்திரம் தன் வேலையை முடித்துப் போனதும் கிணறு வாய்திறந்தபடி தனியே கிடந்தது. வீட்டுக் கிணறுகளுக்குக் கட்டு உண்டு. தோட்டக் கிணறுகள் பலவற்றிற்கு இல்லை.

இந்தக் கிணற்றிற்குக் கட்டுக் கட்டவேண்டுமென்ற பேச்சு முன்னரும் எழுந்ததுண்டு. பங்கின்படி செலவைப் பிரிப்பதா, எல்லோரும் சமமாக இடுவதா என்பதில் அது தடைப்பட்டது. பெரும் பங்குடையவர் சமமென்றார். சிறு பங்குடையோர் பங்கின்படி என்றனர். கட்டு வந்தால் இயந்திரத்தை இறக்கி வைக்க இடைஞ்சலாகுமென்று ஒருவர் சொன்னார். அடுத்த போகம் பார்க்கலாமென்று எழுந்து போயினர். இவர்களுள் எவரும் கெட்டவர் அல்லர். இறந்த குழந்தையின் பாட்டனாரும் பங்காளிகளில் ஒருவர். அன்று எழுந்து போனவர்களில் அவரும் ஒருவர்.

திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தபோது, வழமையான கேள்விகளோடு கிணறு யாருடையது என்றுங் கேட்டார். கூடி நின்றவர்களிடையே ஓர் அமைதி. பின்னர் ஒருவர், “அது பங்குக் கிணறு ஐயா” என்றார். சட்டப்படி அவ்விடை முற்றிலுஞ் சரியானது. அதற்கு மேல் எவரும் பேசாதிருந்தவேளை, திண்ணையிற் கிடந்த தாய் தலையை உயர்த்தி, “நான்தான் ஐயா பாக்காமல் விட்டனான்” என்றாள். எட்டுப் பேருக்குப் பிரிந்திருந்த ஒன்றை அவள் தனியொருத்தியாகத் தன்மேல் ஏற்றிக்கொண்டாள். மறுத்துச் சொல்ல அங்கு ஒரு குரலும் எழவில்லை. விபத்து மரணமென எழுதப்பட்டது.

பிரேத பரிசோதனை முடிந்து மறுநாட் பிற்பகலிலேயே பிள்ளை வீடு வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதனர்; ஆனால், ஒப்பாரி ஓடவில்லை. ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் முதலடி எடுத்துக்கொடுக்கும் மூதாட்டியும் பிள்ளையின் பெயரை மட்டுமே மீண்டும் மீண்டும் அழைத்தாள். போரில் இரு ஆண்மக்களைப் பறிகொடுத்தவள் அவள். 2009 ஆம் ஆண்டுடன் முடிந்த அந்தப் போர் இவ்வூருக்குச் சாவைப் பழக்கித்தான் இருந்தது. எனினும் அச்சாவுகளுக்குப் பழி சுமத்த எங்கோ ஒரு பகை இருந்தது. இதற்கு அவ்வாறு எவரும் இல்லை. ஒழுங்கைக்கு வெளியே எவரையுங் கைகாட்ட இயலாது. அதனாற்போலும், பழி அருகிலேயே சுற்றியது. தாய் கவனமில்லாதவள் என்ற பேச்சு இரண்டாம் நாளே சமையற்கட்டுகளில் நுழைந்துவிட்டது.

பிள்ளையை வெள்ளைத் துணியிற் சுற்றித் தகப்பன் கையிலேந்தி நடந்தான். பாடை தூக்கும் தோள்களுக்கு வேலையில்லாது போயிற்று. படலை வரை வந்த பெண்கள் வழமைப்படி அங்கேயே நின்றனர். தன் பாடைக்குப் பந்தம் பிடிக்கவேண்டிய பேரனுக்குப் பின்னே பாட்டனார் நடந்து போனதை ஊர் பார்த்தது. அவ்வாரம் அம்மன் கோயிற் பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டப்படவில்லை. கட்டவேண்டாமென்று எவருஞ் சொன்னதாகவும் இல்லை.

அதன் பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. மூன்றாம் நாள் இறைப்பு முறைக்குரியவர் இயந்திரத்தைக் கொண்டுவரவில்லை. நாலாம் நாளுக்குரியவரும் வரவில்லை. துடக்கு உறவினருக்கே உரியது. அயலவரான பங்காளிகளை எந்தச் சாத்திரமுந் தடுக்கவில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவுமன்று. வெங்காயமோ மூன்று நாலு நாளுக்கொருமுறை நீர் கேட்கும் பயிர். வைகாசி வெயிலுக்கும் சோளகத்திற்கும் நடுவே ஆறாம் நாள் தாளின் நுனிகள் மஞ்சளாயின. நகையை அடகு வைத்து விதைவெங்காயம் வாங்கியவர்கள் அவர்களுள் இருந்தனர். அவர்களும் வேலியோரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினர். கிரியைகள் இல்லாத அந்தச் சாவிற்கு அவர்கள் தாமாகவே ஒரு கிரியையைக் கண்டுகொண்டனர் என்று சொல்லலாம். குற்றவுணர்வு என்றுஞ் சொல்லலாம். இரண்டையும் பிரித்தறிவது அத்துணை எளிதன்று.

ஏழாம் நாட் காலையிற் பாட்டனார் அயல்வீட்டுப் படலையில் வந்து நின்றார். “இண்டைக்கு உன்ரை முறையெல்லே தம்பி. மிசினைக் கொண்டந்து வை. வெங்காயம் என்ன செய்தது?” என்றார். இதனை மன்னிப்பென்று கொண்டாடுவது மிகையாகும். பயிர் கருகுவதைக் கண்கொண்டு பார்க்க இயலாத ஒரு கமக்காரனின் சொல்லாகவே அதனைக் கொள்ளுதல் பொருந்தும். மன்னிக்கும் உரிமை தனக்கு உண்டென அவர் கருதியிருப்பாரா என்பதும் ஐயமே.

இயந்திரம் வந்தது. முறைக்குரியவர் தமது தறைக்கு வாய்க்காலைத் திருப்பவில்லை. பிள்ளையின் தகப்பனுடைய தறைக்கே முதலில் நீர் பாய்ந்தது. பின்னர் மற்றவர்களும் ஒவ்வொருவராக மண்வெட்டியுடன் வந்தனர். அடி தெரியுமட்டும் இறைத்து, இளைஞர் இறங்கிச் சேற்றை வாரி மேலே அனுப்பினர். அன்று முறை என்ற கணக்கே இருக்கவில்லை. மாலையில் ஊற்றுக்கண்களிலிருந்து புதுநீர் கசிந்து ஏறுவதை எல்லோரும் சுற்றிநின்று பார்த்தனர். பேச்சு அதிகமில்லை.

தாய் மூன்று மாதம் தோட்டத்துக்குப் போகவில்லை. அவளைப் பழித்துப் பேசிய பெண்களுள் ஒருத்தி தினமும் விடியற்காலையில் வந்து அவளைக் குளிக்க வார்த்து, தலை இழுத்துக் கட்டி, கஞ்சி குடிக்கும்வரை இருந்து போனாள். தான் பேசியதைப் பற்றி அவள் ஒன்றுஞ் சொல்லவில்லை, மற்றவளுங் கேட்கவில்லை. அதே ஒழுங்கையில் அதே பெயருடைய இன்னொரு பிள்ளை இருந்தது. பொழுதுபட்டதும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவ்வூர்த் தாய்மாரின் வழக்கம். அந்தத் தாய் மட்டும் படலையைத் திறந்து, ஒழுங்கைக்கு இறங்கி, விளையாடுமிடம் வரை நடந்துபோய்ப் பிள்ளையைக் கையிற் பிடித்து அழைத்துவந்தாள். ஆவணி கழியும்வரை அப்பெயர் உரத்து அழைக்கப்பட்டதை எவருங் கேட்கவில்லை.

கட்டு ஆனி மாதத்திலேயே எழும்பிவிட்டது; மூன்றடி உயரம். பங்கின்படியா, சமமாகவா என்ற பேச்சு எழவில்லை. கல்லை ஒருவர் ஏற்றினார், சீமெந்தை இன்னொருவர் இறக்கினார், மேசன் கூலி வாங்க மறுத்தார். இயந்திரத்தை வைப்பதற்கு இடைஞ்சல் எதுவும் ஏற்படவில்லை.

அதே ஒழுங்கைக்குத் தெற்கே இன்னும் இரண்டு தோட்டக் கிணறுகள் உண்டு. ஒன்றுக்கு ஆறு பங்காளிகள், மற்றதற்குப் பதினொருவர். அவற்றிற்குக் கட்டுக் கட்டுவதைப் பற்றி வெங்காயம் கிண்டிய பின் பேசுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள்.