ஹஸ்கியின் உள்முடி

சித்திரை வெயிலில் சென்னை ஹஸ்கிகள் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால், நாய்களுக்கு முடி திருத்தும் கடையில் ஒரு நாள் உட்கார வேண்டும். வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையில் அப்படி உட்கார்ந்திருந்தேன். இடுப்பு உயர மேசை. மேலே வளைந்த கம்பியிலிருந்து தொங்கும் பட்டை நாயின் கழுத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கிறது. மேசைமேல் நிற்கும் ஹஸ்கி மூச்சிரைக்கிறது. மாஸ்க் அணிந்த இளம்பெண் அதன் தொடையில் சீப்பை வைத்து இழுக்க, சாம்பல் நிறத்தில் உள்முடி கொத்தாக வந்து தரையில் விழுகிறது.

“பிடுங்குறோம்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். பிடுங்கவே இல்ல. அது ஏற்கெனவே விட்டுடுச்சு. நாங்க எடுத்துக் குடுக்குறோம்” என்றார்.

இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும் அதில் இருக்கிறது. ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார், பொமரேனியன் போன்றவற்றுக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீண்டு தடித்த காப்பு முடி, அடியில் நெருக்கமான மெல்லிய உள்முடி. ஒரே தோல்துளையிலிருந்து ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் சேர்ந்து வெளிவரும். ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓயும் காலம் உண்டு. ஓய்ந்த முடியின் வேர்ப்பிடி தளர்ந்துவிடுவதால், பழுத்த வேப்பிலை காம்போடு கழல்வதுபோலச் சின்ன இழுப்புக்கே வந்துவிடும். வளரும் முடி அப்படி வராது. எப்போது கொட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பகற்பொழுதின் நீளம் முடிவு செய்கிறது. நள்ளிரவு வரை டியூப்லைட் எரியும் வீட்டுக்குள் வளரும் நாய்க்கு அந்தக் கணக்கு குழம்பி, வருடம் முழுக்கக் கொட்டுகிறது. கொட்டியதெல்லாம் தரைக்கு வருவதில்லை. ஒரு பகுதி காப்பு முடிக்கிடையே சிக்கி அடைசலாகிறது. அடியில் காற்றோட்டம் போய், ஈரம் தங்கி, தோல் புண்ணாகிறது.

முதலில் குளியல். பிறகு வேகமாகக் காற்றை அடிக்கும் ப்ளோயர். அந்தச் சத்தத்துக்கு மிரளாமலிருக்க நாயின் காதைச் சுற்றித் துணிப்பட்டை போடுகிறார்கள். தளர்ந்த முடியில் பெரும்பங்கு காற்றிலேயே பறந்துவிடுகிறது. பிறகுதான் சீப்பு. நீண்ட, முனை மழுங்கிய பற்கள் கொண்ட ரேக், காப்பு முடியைத் தாண்டி உள்ளே போய் அடைசலைக் கிளறிவிடும். அடுத்தது பிளேடு சீப்பு. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாய்களுக்கு முடி திருத்திவந்த ஆங்கி போர்ட்டரும் அவர் கணவரும் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஃபர்மினேட்டர்’ இந்த வகை. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முடிவெட்டும் மெஷினின் பிளேடைப் போல, குட்டையான எஃகுப் பற்கள் நெருக்கமாக வரிசைகட்டியிருக்கின்றன. அந்த விளிம்பு தளர்ந்த முடியை உரசிப் பற்றி வெளியே இழுக்கிறது.

ஆபத்தும் அதே விளிம்பில்தான். அழுத்தினாலோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தாலோ நல்ல காப்பு முடியும் அறுபடும், தோலும் சிராய்க்கும். நாயின் மேல்தோல் 3 முதல் 5 செல் அடுக்குகள்தான். நம்முடையது 10 முதல் 15. அதனால் அந்தப் பெண் இடக்கையால் தோலை விரித்துப் பிடித்து, முடி படியும் திசையிலேயே, நீளமாக, எடையே இல்லாமல் இழுக்கிறார். முழங்கால் எலும்பு, வயிறு, முதுகெலும்பு மேடு வந்தால் பிளேடை வைத்துவிட்டு ரப்பர் பிரஷ். சில இழுப்புகளுக்கு ஒருமுறை சீப்பில் சேர்ந்ததை விரலால் பிரித்துப் பார்க்கிறார். மெல்லிய முடி மட்டும் இருந்தால் தொடர்கிறார். தடித்த முடி பாதியில் அறுந்து கிடந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி ஒட்டிய குட்டை முடி நாய்க்கு இந்தச் சீப்பையே எடுப்பதில்லை. ரப்பர் போதும்.

இந்தக் கை எளிதில் வந்துவிடாது. கடையில் இருந்த மற்றொருவர், மணிக்கட்டில் பட்டை கட்டிய மூத்தவர், புதிதாக வருகிறவர்களை முதலில் தன் முன்கையில் சீப்பை இழுத்துக் காட்டச் சொல்வாராம். தனக்கு எரிந்தால் நாய்க்கும் எரியும். நாள் முழுக்க நின்று, முடித்தூசியை மூச்சில் வாங்கி, எப்போது கடிக்குமென்று தெரியாத வாய்க்குப் பக்கத்தில் செய்யும் வேலை இது. வாசலில் நாயை விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் இதைப் பார்த்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

வெயில் காலத்தில் அவர்களை அதிகம் வாட்டுவது “மொட்டை அடிச்சிடுங்க” என்கிற கோரிக்கை. அன்றும் ஒருவர் ஹஸ்கியோடு வந்து அதையே கேட்டார். ஆனால் நாய் தன் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. மழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும். மழித்த முடி சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாக வளரும். ஹஸ்கி, பொமரேனியன் வகைகளில் ஒரு வருடம் வரைகூட வளராமல் நிற்பதுண்டு. இந்த ஊருக்கு ஹஸ்கியே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டு நாய் வளர்ப்புக் கொள்கையும் அதை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத இனங்களில் சேர்த்தது. ஆனால் வந்துவிட்ட நாய்க்கு நிழலும் தண்ணீரும், அடைசல் இல்லாத ரோமமும் வேண்டும்.

அந்தப் பெண் வாதாடவில்லை. பக்கத்திலிருந்த ஹஸ்கியின் தொடையில் சீவிய பக்கத்தையும் சீவாத பக்கத்தையும் வந்தவர் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னார். சீவிய பக்கத்தில் விரல் தோல்வரை போனது. மெஷினை மறந்து சீவுவதற்கே சம்மதித்தார் அவர். “வீட்ல வாரம் ரெண்டு தடவை ரேக் மட்டும் போடுங்க சார். பிளேடு சீப்பு வாங்கிடாதீங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அவருடைய ஹஸ்கியைக் குளியலுக்குக் கூட்டிப் போனார்.