விடியுமட்டும் வைத்திருந்த கூலி

பரிசுத்தம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருவது நாம் விட்டுவிட்டவைகளே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பை தாராவிக்கு வந்து இரட்சிக்கப்பட்ட நாள்முதல் எனக்குத் திரைப்படம் இல்லை, புகையிலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறையில் ஒரு தையல் எந்திரமும் ஓடாது. சாட்சி நேரத்தில் இவைகளைச் சொல்லிச் சற்றே பெருமைப்பட்டதும் உண்டு.

2014ஆம் ஆண்டு, மழைக்காலத்து ஒரு சனிக்கிழமை. முழு இரவு ஜெபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வியாபாரி அன்று மாலைதான் நிலுவையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார். அதிலிருந்து தசமபாகமும் பொருத்தனையுமாக 1,500 ரூபாயை உறையிலிட்டு வேதாகமத்துக்குள் வைத்தேன். மீதி, வாடகைக்கும் நூலுக்கும். என்னிடம் காலர் தைத்துவந்த பீகார் மதுபனி மாவட்டத்துத் தம்பி வாசலில் நின்றான். “மாஸ்டர், அம்மாவுக்குச் சுகமில்லை. என் கணக்கை இன்றைக்கே தீர்த்தால்...” என்று இந்தியில் தயங்கினான். 1,200 ரூபாய். கடனல்ல, தைத்து முடித்த வேலைக்கான கூலி. “திங்கட்கிழமை வாங்கிக்கொள். உன் தாயாருக்காக ஜெபிக்கிறேன்” என்றேன். ஜெபிக்கவும் செய்தேன், அதுதான் இன்றும் என்னை வெட்கப்படுத்துகிறது.

அன்றிரவு போதகர் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிக்கச் சொன்னார். பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்கும் அந்த அதிகாரம், சில வசனங்களுக்குள்ளாகவே வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. எத்தனையோ முறை வாசித்திருந்தும் அந்த அடுக்கை நான் கவனித்ததில்லை. 13ஆம் வசனம் என் முறையாக வந்தது. கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கலாகாது என்பது அதன் பொருள். வாசித்து முடித்தபோது உறையோடிருந்த வேதாகமம் கையில் கனத்தது. சீரகத்தில்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்து, இரக்கத்தை விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டது மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பரிசேயர்களைக் குறித்தது என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

நள்ளிரவுக்குமேல் எழுந்து, 90 அடி சாலை வழியாக நனைந்துகொண்டே பட்டறைக்கு நடந்தேன். எந்திரங்களுக்கு நடுவே மற்றவர்கள் உறங்க, அவன் மட்டும் விழித்திருந்தான். தன் செல்போனை 700 ரூபாய்க்கு அடகு வைத்து, இரவு ரயிலில் ஊருக்குப் புறப்பட்ட ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பியிருந்தான். தாயாரின் குரலைக் கேட்க அவனுக்கிருந்த ஒரே வழி அந்தச் செல்போன். உறையைப் பிரித்து 1,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க இந்தியில் எனக்குச் சரியான வார்த்தை அகப்படவில்லை.

காலையில் இருவருமாகச் சென்று செல்போனை மீட்டோம். ஓரிரவுக்குக் கடைக்காரர் கேட்ட 50 ரூபாய் வட்டியை நான் கொடுத்தேன். ஆராதனைக்கு அரைமணி நேரம் தாமதம். காணிக்கைப் பை வந்தபோது மீதியிருந்த 250 ரூபாயைப் போட்டேன். என் மனைவி ஒன்றும் கேட்காமல் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் கணக்குத் தீர்த்த பின்புதான் வேதாகமத்தை எடுக்கிறேன். ஒருநாளும் தவறவில்லை என்று எழுத ஆசைதான். வியாபாரிகள் பணத்தை இழுத்தடித்த வாரங்களில் இரண்டுமுறை தவறியிருக்கிறேன். எனக்கு வயல் இல்லை. ஆகையால் வெட்டுத்துணியை எடைக்கு விற்பதை நிறுத்தி, குப்பை பொறுக்கும் ஒரு மூதாட்டிக்கு விட்டுவிடுகிறேன். சென்ற வாரம் அவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, “என்ன தம்பி, இந்த வாரம் குறைவாக இருக்கிறதே?” என்று என்னைக் கடிந்துகொண்டார்.